கோழி ஒரு புளோக்கிலே, சேவல் ஒரு புளோக்கிலே

ஏவிஎம் 1965ல் வெளியிட்ட 'குழந்தையும் தெய்வமும்' படத்தில், பிரிந்து கிடக்கும் ஜெய்சங்கரையும் ஜமுனாவையும் இரட்டை வேடத்தில் வரும் குட்டி பத்மினி சேர்த்துவைப்பார். "கோழி ஒரு கூட்டிலே, சேவல் ஒரு கூட்டிலே" பாட்டு அந்தப் படத்தில்தான். ஒருத்தி இருப்பது இன்னொருத்திக்குத் தெரியாமல் வளர்ந்த இரட்டையர் சந்தித்துக்கொண்டு, ஆள் மாறி வீடு போவார்கள். இந்த முடிச்சை அப்படியே தூக்கிச் சிங்கப்பூரில் வைத்துத் திரைக்கதையாக எழுதிப் பாருங்கள், பத்துப் பக்கம் தாண்டாது. அம்மா வடக்கே ஈசூனில், அப்பா கிழக்கே தெம்பனிசில் என்று வைத்துக்கொள்வோம். தீவே கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 27. தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் பாதித் தமிழ்ச் சிங்கப்பூரைப் பார்த்துவிடலாம். பத்து வயதுவரை இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை என்றால் யார் நம்புவார்? அவர்கள் பார்க்காவிட்டாலும், "நேத்து சிராங்கூன் ரோட்டுல உன்னைக் கூப்பிட்டேன், திரும்பியே பார்க்கலையே" என்று கேட்க ஓர் அத்தை இல்லாமலா போவார்?

கதைக்கு மூலம் ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கேஸ்ட்னர் 1949ல் வெளியிட்ட சிறுவர் நாவல். மறு ஆண்டே அது படமானது. இசா, யூட்டா குந்தர் என்ற நிஜ இரட்டைச் சகோதரிகள் நடித்தார்கள். 1961ல் டிஸ்னி அதை 'தி பேரண்ட் டிராப்' என்று எடுத்தது, ஹேலி மில்ஸ் இரட்டை வேடம். அதைப் பார்த்துத்தான் ஏவிஎம் படம். அங்கிருந்து 1966ல் தெலுங்குக்கும் 1968ல் இந்திக்கும் போனது. 1998ல் டிஸ்னியே லிண்ட்சே லோஹனை வைத்து மறுபடி எடுத்தது. இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். நாவலில் அம்மா மியூனிக்கில், அப்பா வியன்னாவில். ரயிலேறினால் போய்விடலாம். 1961ல் பாஸ்டனும் கலிபோர்னியாவும், நடுவில் ஒரு கண்டம். 1998ல் லண்டனும் கலிபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்கும், கண்டத்தோடு அட்லாண்டிக்கும் சேர்ந்துகொண்டது. பயணம் எளிதாக ஆக ஆக, கதை எழுதுகிறவர்கள் பெற்றோரை இன்னும் தள்ளித் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. நம் தீவில் தள்ளிவைக்க இடமே கிடையாது. ஆகவே இரட்டையரை விட்டுவிட்டு, ஓர் அக்கா, ஒரு தம்பி என்று வைத்துக்கொள்வோம். இங்கே தூரத்தை, யார் எப்போது பிள்ளைகளைப் பார்ப்பது என்ற அட்டவணையில்தான் வைக்க முடியும்.

விவாகரத்தான வீடுகளில் பிள்ளைகளின் அன்றாடப் பராமரிப்பு ஒருவரிடமும், மற்றவருக்குச் சந்திப்பு நேரமும் என்று உத்தரவு இருப்பது வழக்கம். புதன் மாலை, சனி முழு நாள், பள்ளி விடுமுறையில் பாதி என்று போகும். பெற்றோர் இருவரும் ஒரே அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வாரம் இருமுறை வருவார்கள், ஒரே சட்டகத்தில் மட்டும் வரவே மாட்டார்கள். அம்மா லிஃப்டிலிருந்து வெளிவரும் நேரம் அப்பா கார் கதவை மூடியிருப்பார். நடுவில் ஓடுவது பிள்ளைகள். அவர்கள் கையில் தண்ணீர்ப் புட்டி, டியூஷன் கோப்பு, வெள்ளைக் காலணி, ஆஸ்துமா மருந்து. இந்தச் சாமான்கள்தான் சிங்கப்பூர்ப் படத்துக்கான முதல் நகைச்சுவைச் சரக்கு. பிள்ளைகளின் முதல் திட்டம் பெரிதாக இருக்கக் கூடாது. சொல்வதெழுதுதல் நோட்டை அப்பா வீட்டில் 'மறந்து' வைத்துவிட்டு வந்தால் போதும். அம்மாவே போய் வாங்கி வருவார், இரண்டு வார்த்தை பேசுவார் என்பது கணக்கு. நடப்பது என்ன? அப்பா பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். அடுத்த வாரம் காலணியை வைத்துவிட்டு வருகிறார்கள். காலணியை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாதே! லாலாமூவ் விநியோக வண்டி வந்து கொடுத்துவிட்டுப் போகிறது.

பள்ளியிலிருந்து பொய்க் கடிதம் எழுதிக்கொண்டு போவது என்ற பழைய உத்தியை மறந்துவிடலாம். பள்ளி அறிவிப்பும் அனுமதிப் படிவமும் இப்போது பேரண்ட்ஸ் கேட்வே செயலியில் பெற்றோரின் கைப்பேசிக்கே வருகின்றன. பொய் ஒரே மாலையில் பிடிபடும். பிடிபடட்டும் என்றே எழுதினால் ஒரு காட்சி தேறும், அவ்வளவுதான்.

திட்டங்களுக்கு முன்னால் தீர்க்க வேண்டியது, இவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்பது. இந்த வகைப் படங்களில் பத்துக்கு எட்டு சறுக்குவது இங்கேதான். காரணம் ரொம்பச் சின்னதாக இருந்தால், "இதுக்கா பத்து வருஷம்?" என்று பார்ப்பவர் கேட்பார். ரொம்பப் பெரிதாக இருந்தால், இந்தப் பிள்ளைகள் ஏன் மறுபடி அந்த வீட்டுக்குள் போகத் துடிக்கிறார்கள் என்று பதறுவார். கேஸ்ட்னர் சொன்ன காரணம் நல்ல அளவில் தைத்த சட்டை: அப்பா இசையமைப்பாளர், அவருக்கு அமைதி வேண்டும். வீட்டில் இரண்டு கைக்குழந்தைகளின் அழுகை. வேலைக்கென்று தனியாக ஓர் இடம் பிடித்துக்கொண்டு போகிறார். இளம் மனைவி தனித்துப்போகிறார். இருவருமே தப்பானவர்கள் இல்லை, இருவரிடமும் தப்பு இருக்கிறது. 1965ல் நம் படம் அந்தப் பழியை மாமியார் தலையில் வைத்தது. அன்றைய கூட்டத்துக்கு அது சரிப்பட்டது. ஆனால் அப்படி வைத்ததும் கணவன் மனைவி இருவரும் வெறும் அப்பாவிகளாகிவிடுகிறார்கள், பாட்டி திருந்தினால் கதை முடிந்துவிடும். 1998ல் வந்தது வீம்பு: அவள் கோபித்துக்கொண்டு போனாள், அவன் பின்னாலேயே வரவில்லை, வருவான் என்று அவளும், வரச் சொல்லவில்லையே என்று அவனும்.

இங்கே எழுதுகிறவர்களுக்கு அளவான காரணங்கள் நிறையவே கிடைக்கும். ஒருவர் இரவு வேலை, மற்றவர் பகல் வேலை, நான்கு வருடமாக ஒரே கட்டிலில் வெவ்வேறு நேரத்தில் தூங்கியவர்கள். ஊரிலிருக்கும் தம்பி வீடு கட்ட இவர் சொல்லாமல் அனுப்பிய பணம். பாட்டியை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று தொடங்கி வேறெங்கோ போய் முடிந்த சண்டை. சூதாட்டமும் குடியும் வேண்டாம், அவை வேறு படம். அடி உதை இருந்த வீடு என்றால் பிள்ளைகள் சேர்த்துவைக்க அலைவதைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரிக்கவும் கூடாது.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. பிரிந்த காரணத்தை அம்மா சொல்வதுபோல் ஐந்து வரி, அப்பா சொல்வதுபோல் ஐந்து வரி எழுதுங்கள். இரண்டையும் படித்தவர் உடனே ஒரு பக்கம் சாய்ந்தால் காரணம் சரியில்லை. "ரெண்டு பேரும் சொல்றது சரிதானே" என்று அவர் தலையைச் சொறிந்தால் படம் கையில் இருக்கிறது.

அடுத்தது, அந்தக் காரணம் பிள்ளைகளுக்குத் தப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். எட்டு வயதுத் தம்பி கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டது ஒரே வரி: "எல்லாம் இவனாலதான்." அது ஊரிலிருக்கும் மாமாவைப் பற்றி. அவனோ அந்த வாரம் கணக்கில் வாங்கிய 41 மதிப்பெண்ணைப் பற்றி என்று எடுத்துக்கொள்கிறான். 12 வயது அக்கா அதைத் திருத்துவதில்லை, ஏனென்றால் அவளுக்கும் வேறு ஒரு தப்பான காரணம் தெரியும். நோய் ஒன்று, மருந்து வேறொன்று. அவன் விழுந்து விழுந்து படித்து 88 வாங்கி வந்து இரண்டு வீட்டிலும் காட்டிவிட்டு, அப்பா பெட்டியோடு வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இந்தக் காட்சியில் வசனம் எழுதாதீர்கள். அவன் காலணியைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பது போதும்.

இப்போது கடிகாரம். பழைய படங்களில் கடிகாரம் அப்பாவின் அடுத்த கல்யாணம்: அதற்குள் சேர்த்துவைக்க வேண்டும். சிங்கப்பூர்ச் சட்டம் அதைவிட நல்ல கடிகாரம் தருகிறது, ஏனோ யாரும் கையில் எடுப்பதில்லை. திருமணம், மணவிலக்கு பற்றிய சட்டமான மாதர் சாசனத்தின்கீழ் விவாகரத்து உடனே முடிந்துவிடாது. குடும்ப நீதிமன்றம் முதலில் இடைக்காலத் தீர்ப்பு தரும். அதற்குப் பிறகு 3 மாதம் ஆக வேண்டும், பிள்ளைகள், வீடு, பணம் பற்றிய விவகாரங்களும் முடிந்திருக்க வேண்டும், அப்புறம்தான் இறுதித் தீர்ப்பு. அதுவும் தானாக வராது, விண்ணப்பித்துப் பெற வேண்டும். இடையில் மனம் மாறினால் இடைக்காலத் தீர்ப்பை நீக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். முதல் 15 நிமிடத்தில் இடைக்காலத் தீர்ப்பை வைத்துவிடுங்கள். அது செப்டம்பர் நடுவில் என்றால் 3 மாதம் டிசம்பர் நடுவில் முடியும். தீபாவளி இடையில் வந்து விழும், ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை கடைசிப் பகுதிக்குக் கிடைக்கும். தம்பி சமையலறை நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வருகிறான். 91வது நாள் வருகிறது. ஒன்றும் நடக்கவில்லை. 95, 100. விண்ணப்பிக்க வேண்டியவர் விண்ணப்பிக்கவில்லை என்பது அப்போதுதான் புரிகிறது. யார் அந்த ஆள், ஏன் என்பதற்குப் பக்கம் பக்கமாக வசனம் தேவையில்லை. (முஸ்லிம் தம்பதியரின் மணவிலக்கு ஷரியா நீதிமன்றத்துக்குப் போகும், நடைமுறை வேறு. கதைக் குடும்பம் தமிழ் முஸ்லிம் குடும்பமானால் இந்தக் கடிகாரம் ஓடாது, வேறு தேட வேண்டும்.)

இன்னொரு பொக்கிஷமும் உண்டு. ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சுமத்தாமல், இருவரும் ஒப்புக்கொண்டு பிரியும் வழி 1 ஜூலை 2024ல் நடப்புக்கு வந்தது. அந்த வழியில் போகிறவர்கள் திருமணம் முறிந்ததற்கான காரணம், சேர்ந்து வாழச் செய்த முயற்சிகள், பிள்ளைகளுக்கும் பணவிவகாரத்துக்கும் யோசித்த ஏற்பாடு ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். சேர்ந்துவிடும் வாய்ப்பு நியாயமாக இன்னும் இருக்கிறது என்று நீதிமன்றத்துக்குப் பட்டால் ஒப்பந்தத்தை ஏற்காது. கோப்பிக்கடை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே காகிதத்தில், 'சேர்ந்து வாழ என்ன முயற்சி செய்தோம்' என்பதை இருவரும் எழுதப் பார்க்கும் காட்சியை யோசியுங்கள்.

"நீ சொல்லு."

"நீங்க எழுதுங்க, உங்க கையெழுத்துதான் நல்லாருக்கும்."

"மலாக்கா போனோமே, அதை எழுதலாமா?"

"அது பிள்ளைங்க கேட்டதுக்குப் போனது."

"சரி. வேற?"

தேத்தண்ணி ஆறிப்போகிறது. காகிதத்தில் எண் 1 மட்டும் போட்டிருக்கிறது. இந்தக் காகிதத்தின் நகல் ஒரு நாள் மேசை இழுப்பறையில் அக்கா கையில் சிக்க வேண்டும். படத்தின் பாதியில், 50ஆவது நிமிடத்தை ஒட்டி. அன்றுவரை போட்ட திட்டமெல்லாம் தப்பான நோய்க்குக் கொடுத்த மருந்து என்பது அவளுக்கு அப்போது தெரியும். இதைவிடப் பொருத்தமான இடைவேளை கிடைக்காது.

திட்டங்களுக்கு வருவோம். 1961லும் 1998லும் பிள்ளைகள் மிகக் கவனமாகப் போடும் திட்டம், பெற்றோரின் காதல் தொடங்கிய இரவை மறுபடி உண்டாக்குவது. மெழுகுவத்தி, இசை, பழைய சாப்பாடு. இரண்டு படத்திலும் அந்த விருந்து தோற்கிறது. இதைக் கவனிக்காமல், விருந்தையே உச்சக்காட்சியாக வைத்து முடித்துவிடும் தொலைக்காட்சிப் படங்கள்தான் அதிகம். பிள்ளைகள் போடும் திட்டம் அவர்கள் நினைத்தபடி பலித்துவிட்டால் பெற்றோர் வெறும் பொம்மைகள். திட்டம் கெட்டுப்போகும் இடத்தில் அந்த இரண்டு பேருக்கும் இடையே என்ன மிச்சமிருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆகவே ஒவ்வொரு திட்டத்துக்கும் இரண்டு கேள்வி: எந்த நடைமுறைக் காரணத்தால் இது கெடுகிறது, கெடும்போது பெற்றோரைப் பற்றி என்ன தெரிகிறது.

சிங்கப்பூர் ஃப்ளையர் ராட்டினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 165 மீட்டர் உயரம், ஒரு சுற்று ஏறத்தாழ 30 நிமிடம், நடுவில் இறங்க முடியாது. கேட்டவுடனே கை துறுதுறுக்கும். பிள்ளைகள் நாலு டிக்கெட் வாங்குவார்கள், ஏறும் நேரத்தில் "கழிவறை போகணும்" என்று நழுவுவார்கள், பெற்றோர் மட்டும் உள்ளே. எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால், ஒரு கூண்டில் 28 பேர் வரை ஏறலாம். தனியாக விட மாட்டார்கள். இந்தத் தடங்கல்தான் காட்சி. ஊரிலிருந்து வந்த சுற்றுலாக் குடும்பம் ஒன்று கூடவே ஏறுகிறது. தமிழ் பேசும் ஆட்கள் என்று தெரிந்ததும் கேள்விகள் கிளம்புகின்றன. அது என்ன கட்டடம், இது என்ன பாலம். அப்பா சொல்கிறார், அம்மா திருத்துகிறார். தூரத்தில் தெரியும் விளக்குகள் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவா, நங்கூரமிட்ட கப்பலா என்று இருவருக்கும் வாக்குவாதம். "கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு?" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே கேட்கிறார். இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொல்கிறார்கள். அவர் "பதினாலு" என்கிறார், இவர் "பதினொண்ணு" என்கிறார். ஒருவர் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார், மற்றவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். யாருக்குப் பதினாலு என்பதை முதல் வரைவிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், கடைசி வரை அது துணைக்கு வரும்.

புலாவ் உபின் தீவு இன்னும் வசதி. சாங்கி முனையிலிருந்து படகு 12 பேர் சேர்ந்தால்தான் கிளம்பும், அவசரமென்றால் காலி இருக்கைக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டும். கடைசிப் படகைத் தவறவிட்டு இரவு அங்கேயே தங்குவது பிள்ளைகளின் திட்டம். அதை எழுதாதீர்கள், எல்லாரும் எழுதிவிட்டார்கள். திரும்பும் நேரம், துறையில் நாலு பேர், கூட மூன்று சைக்கிள்காரர்கள், ஆக ஏழு. ஐந்து பேர் குறைகிறார்கள். அப்பா, "கொஞ்சம் இருப்போம், ஆள் வரும்" என்கிறார். அம்மா, "காசைக் கொடுத்துட்டுப் போலாங்க" என்கிறார். பதினொரு வருடக் குடித்தனம் முழுவதும் அந்த இரண்டு வரியில் இருக்கிறது. பாதிப் படத்தில் காகிதத்தில் படித்த காரணம் இப்போது கண்முன் நடக்கிறது. அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். அம்மாவின் வாயில் அந்த 'ங்க' இத்தனை நாள் கழித்துத் தானாக வந்தது என்பதைப் பார்வையாளரில் பாதிப்பேர் கவனிப்பார்கள். போதும்.

காய்ச்சல் வந்ததுபோல் நடிப்பது மட்டும் வேண்டாம். நாவலில் ஒரு பிள்ளைக்கு உடம்புக்கு முடியாமல் போகும், ஆனால் அது நிஜம், அப்பாவின் மறுமணச் செய்தி கேட்டு வருவது. போலிக் காய்ச்சலுக்குப் பெற்றோர் பதறி ஓடிவரும்போது பார்வையாளரின் அனுதாபம் பிள்ளைகளை விட்டுப் போய்விடும், அதைத் திரும்பப் பெற இருபது நிமிடம் செலவாகும்.

சுற்றியுள்ள ஆட்களைப் பற்றிக் கொஞ்சம். அப்பா கல்யாணம் செய்துகொள்ளப்போகும் பெண்ணைப் பணத்தாசைக்காரியாகக் காட்டி, மேலே பல்லியை விட்டுத் துரத்தும் காலம் மலையேறிவிட்டது. 'சித்தி' என்ற சொல்லுக்குத் தமிழ்ப் படங்கள் ஏற்கெனவே போதுமான கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டன, திரையரங்கில் நல்ல சித்திகளும் உட்கார்ந்திருப்பார்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும். தம்பிக்குச் சொல்வதெழுதுதல் சொல்லிக்கொடுப்பவராக, அவர் செய்யும் சம்பல் அம்மாவுடையதைவிட ருசியாக. நல்ல ஆளைத் துரத்துவது எப்படி என்று பிள்ளைகள் திண்டாடுவதில் வரும் சிரிப்பு நீடிக்கும்.

1998 படத்தில் உதவிக்கு ஒரு பட்லர் வருவார். நமக்கு அந்த இடத்தில் பணிப்பெண். இரண்டு வீட்டுச் சாவியும் தெரிந்தவர், பாட்டியோடு பேசிப் பேசி அரைத் தமிழ் கற்றவர். ஆனால் அவருடைய வேலை அம்மாவின் கையில். திட்டம் பிடிபட்டால் பிள்ளைகளுக்குத் திட்டு, அவருக்குப் பயணச்சீட்டு. அதை மறந்து அவரைக் கோமாளியாக்கினால் படம் கொச்சையாகிவிடும். நினைவில் வைத்து எழுதினால், அவர் ஒரே ஒரு முறை பொய் சொல்லும் காட்சி படத்தையே தூக்கிவிடும்.

முடிவு பற்றி ஒரு ஒப்பீடு. 'மிஸஸ் டவுட்ஃபயர்' 1993ல் வந்தது. அதில் பெற்றோர் சேருவதில்லை, அப்பாவுக்குப் பிள்ளைகளைப் பார்க்க வழி கிடைப்பதோடு முடிகிறது. அதைத் தழுவி 1996ல் வந்த 'அவ்வை சண்முகி'யில் சேர்ந்துவிடுகிறார்கள். நம் ஆட்களுக்குச் சேராவிட்டால் மனசு ஆறாது என்று தயாரிப்பாளர்கள் சொல்வதை நான் முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் சேர்த்துவைப்பதாக இருந்தால், கட்டிப்பிடித்து அழும் காட்சியில் சேர்க்காதீர்கள் என்பேன். எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

'இல்லை, எனக்கு இரட்டையர்தான் வேண்டும்' என்பவர்களுக்கு: ஊரைவிட்டு ஊர் வைத்துக்கொள்ளுங்கள், ஒருத்தி மலேசியாவின் ஈப்போவில், ஒருத்தி இங்கே. அப்புறம், ஒரே பிள்ளையை ஒரே சட்டகத்தில் இருவராகக் காட்டும் மாஸ்க் ஷாட். அந்தக் காலத்தில் லென்சின் ஒரு பாதியை மூடி ஒரு பக்கம் எடுத்து, பிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியை மூடி அடுத்த பக்கம் எடுப்பார்கள். இரண்டாவதில் பிசகினால் முதலாவதும் வீண். 1961 படத்தில் டிஸ்னி இதோடு, சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியைத் திரையாக வைத்து ஆளைத் தனியாகப் பிரித்தெடுக்கும் முறையையும் கையாண்டது. இன்று கணினியில் ஒட்டிவிடலாம், ஆனால் ஒட்டுவதற்கு வாகாக எடுத்திருக்க வேண்டும்.

நாலறை வீட்டுச் சாப்பாட்டு மேசை, இரண்டு பிள்ளைகளும் எதிரெதிரே. கேமராவை முக்காலியில் பூட்டி, காலில் மணல்மூட்டை போடுங்கள். ஃபோகஸ், எக்ஸ்போஷர், வெள்ளைச் சமன் மூன்றையும் கையால் நிறுத்துங்கள், தானியங்கியில் விட்டால் சிறுமி இடம் மாறியதும் சுவரின் நிறம் மாறும். ஒட்டுக் கோடு எங்கே விழும் என்று பாருங்கள்: கதவுச் சட்டம், சுவர் மூலை, மேசை நடுவே நிற்கும் தண்ணீர்க் கூஜா. அந்தக் கோட்டைக் கையோ நிழலோ தாண்டக் கூடாது. ஆளே இல்லாமல் 10 விநாடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காட்சியில் யார் பேச்சை நடத்துகிறாளோ அவளை முதலில் எடுங்கள். எதிரே அதே உயரத்தில் ஒரு டூப் உட்கார வேண்டும். இல்லையென்றால் 'லுக்' தப்பும், ஒருத்தி மற்றவளின் நெற்றியைப் பார்த்துப் பேசுவாள். நல்ல டேக்கை அந்த இடத்திலேயே தேர்ந்துவிட்டு, அதன் ஒலியைச் சின்னக் காதுக்கருவியில் ஓடவிட்டு அடுத்தவளை எடுங்கள். முதல் முறை எடுக்கும்போதே எதிராளி பேச வேண்டிய இடத்தில் போதிய இடைவெளி விட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் விட மறந்துவிடுவார்கள், பதில் கேள்வியின்மேல் ஏறிவிடும்.

உடையும் பின்னலும் மாற்ற 40 நிமிடம் ஆகும். அதற்குள் ஈசூன் வானம் மூன்று முறை மாறிவிடும். மேகம் ஒரு பக்கத்தில் மட்டும் வந்தால் மேசை இரண்டு நிறத்தில் இருக்கும். ஆகவே சன்னலைத் துணியால் மூடி, வெளிச்சத்தை விளக்கிலேயே உண்டாக்குங்கள். சீலிங் ஃபேன் சட்டகத்தில் தெரிந்தால் நிறுத்தியாக வேண்டும், சுழலும் இறக்கை கோட்டில் துண்டாகத் தெரியும். நிறுத்தினால் பிள்ளைக்கு வேர்க்கும். முதல் முறை காய்ந்த நெற்றி, இரண்டாம் முறை பளபளக்கும் நெற்றி. துடைக்க ஓர் ஆள் வேண்டும். இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது 15 விநாடி. பத்து ஷாட்டுக்கு இரண்டு இப்படி எடுத்தால் போதும், மீதியை டூப்பின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்துவிடலாம். ஒலிக்கு எதிரி குயில். நம் புளோக்குகளைச் சுற்றியுள்ள மரங்களில் விடியற்காலையிலேயே தொடங்கிவிடும், சோகக் காட்சியில் அது வேறு அர்த்தம் கொடுக்கும்.

பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும்போது நடிப்பைப் பார்ப்பதோடு பல்லையும் பாருங்கள். ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் முன்பற்கள் விழுந்து முளைக்கும். படப்பிடிப்பை மூன்று மாதம் இழுத்தால், கதவைத் திறக்கும்போது பல் இருக்கும், உள்ளே வரும்போது இருக்காது. ஜூனில் 4 வாரம் அல்லது ஆண்டிறுதியில் 6 வாரம் பள்ளி விடுமுறை, அதற்குள் முடிக்கப் பாருங்கள். தொடக்கநிலை 6 பிள்ளையைத் தொடாதீர்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடியும்வரை அந்த வீட்டில் யாரும் தொலைபேசியே எடுக்க மாட்டார்கள். வசனத்தை மனப்பாடம் செய்ய வைத்தால் தமிழ்ப் பேச்சுப்போட்டி மாதிரி வரும். நிலைமையைச் சொல்லி, அவர்கள் வாயில் எப்படி வருகிறதோ அப்படி விடுங்கள். சதி ஆலோசனை ஆங்கிலத்தில் நடக்கும், மாட்டிக்கொண்டதும் தமிழுக்கு வந்துவிடும். இங்குள்ள வீடுகளில் அதுதான் நடக்கிறது.

கடைசிக் காட்சிக்கு ஒரு வழி. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கார்நிறுத்துமிடங்களில் முதல் 10 நிமிடம் கட்டணமில்லை, அதற்கு மேல், நகர மையத்துக்கு வெளியே, அரை மணிக்கு 60 காசு. பிள்ளைகளை விட வரும் அப்பா எப்போதும் 8 நிமிடத்தில் கிளம்பிவிடுவார். இதைப் படத்தின் தொடக்கத்திலேயே ஒரு தரம் பதித்துவிடுங்கள்:

"அப்பா, மேல வாங்களேன், அம்மா ரசம் வச்சிருக்காங்க."

"இல்லடா, பத்து நிமிஷம் ஆகப்போகுது."

நடுவில் ஒரு நாள் பதினொரு நிமிடம் நிற்கட்டும். வெளியேறும் இடத்துத் திரையில் சில காசு விழுவதை அவர் பார்ப்பார், நாமும் பார்ப்போம். கீழ்த்தளத்துக்கு நகர மன்றத்திடமும் கார்நிறுத்துமிடத்துக்கு வீவகவிடமும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும், இரண்டாவதை மறந்துவிட்டு வந்து நிற்கும் குழுக்கள் உண்டு. காட்சியைச் சனிக்கிழமையில் வையுங்கள். பல புளோக்குகளில் ஞாயிறு காலை 7 முதல் இரவு 10.30 வரை இலவசம், ஞாயிறு மாலை என்று எழுதினால் முதல் காட்சியிலேயே யாராவது கத்திவிடுவார்கள்.

கடைசிச் சனிக்கிழமை, இரவு 9 மணி. கார் உள்ளே வருகிறது. 10.30 வரை 1 வெள்ளி 80 காசு. இரவு 10.30 முதல் காலை 7 வரை எவ்வளவு நின்றாலும் 5 வெள்ளிக்கு மேல் போகாது. கேமரா மேலே போகவே வேண்டாம். ஒரே ஒரு ஷாட்டில் கூடத்து சோபாவும் அதில் ஒரு தலையணையும் காட்டலாம், குடும்பப் படம்தானே. காலை 6.50. அப்பா கலைந்த தலையோடு காரை எடுக்கிறார், பின்னிருக்கையில் இரண்டு பிள்ளைகளும் இரவு உடையில். ரொட்டி பரோட்டா வாங்கப் போகிறார்கள். தடுப்பு உயர்கிறது, திரையில் 6.80. தம்பி அதைச் சத்தமாகப் படிக்கிறான். திரும்பி வரும்போது மணி ஏழே கால், ஞாயிற்றுக்கிழமை. இரவு 10.30 வரை இலவசம்.